தண்டர்பேர்டை ஏன் விடமாட்டேன் என்கிறேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில், மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டின் முன்னறையில் இருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம். வேலை வருவதும் மெயிலில், முடித்து அனுப்புவதும் மெயிலில், காசு எப்போது வரும் என்று கேட்பதும் மெயிலில். அந்த மெயிலை நான் பிரவுசரில் பார்ப்பதில்லை, தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில் பார்க்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சேர், இன்னும் இந்தப் பழைய சாமானா?" என்று தொடங்குவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்களைச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், தண்டர்பேர்ட் என்றால் என்ன?

கணினியில் நிறுவிக்கொள்ளும் மெயில் மென்பொருள். ஃபயர்பொக்ஸ் பிரவுசரைத் தந்த அதே மொசில்லாவிடமிருந்து வந்தது. 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உங்களிடம் இருக்கும் ஜிமெயிலையோ யாஹூவையோ அலுவலக முகவரியையோ விட வேண்டியதில்லை. அவற்றுக்கு வந்த கடிதங்களை எடுத்து வந்து உங்கள் கணினியில் காட்டும், அவ்வளவுதான்.

ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்தாலே எல்லாம் வருகிறதே. பிறகு எதற்கு இது?

வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிரவுசரைத் திறந்தால் மெயில் மட்டும் திறப்பதில்லை. பக்கத்தில் செய்தி, அதற்குப் பக்கத்தில் யூடியூப், அதற்கும் பக்கத்தில் முகநூல். காணி உறுதி ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தவன், அரை மணிநேரம் கழித்து யாரோ ஒருவருடைய கலியாண வீட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்டர்பேர்டில் மெயிலைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. விளம்பரமும் இல்லை. ஜிமெயிலின் ப்ரமோஷன்ஸ் பகுதியில் விளம்பரங்கள் மெயில் வேஷம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்குமே, அந்தத் தொல்லை இங்கே கிடையாது.

இன்னொன்று, எதை எப்படி அடுக்குவது என்பது என் இஷ்டம். ஒரு அலுவலகத்திலிருந்து வந்தவை எல்லாம் ஒன்றாக நிற்க வேண்டுமா, பட்டியலின் மேலே ‘அனுப்பியவர்’ என்ற தலைப்பில் ஒரு தட்டு. எந்தக் கடிதம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமா, ‘அளவு’ என்ற தலைப்பில் ஒரு தட்டு. இணையத்து ஜிமெயிலில் அளவுப்படி இப்படி அடுக்க முடியாது. தேடல் பெட்டியில் கட்டளை எழுத வேண்டும். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் நிரம்பும்போதுதான் இந்த ஒரு தட்டின் அருமை தெரியும். ஏனென்றால் அந்த இடத்தைத்தான் உங்கள் ட்ரைவும் ஃபோட்டோஸும் பங்கு போடுகின்றன.

ரசித்துப் பயன்படுத்துகிறேன் என்கிறீர்கள். மெயிலில் ரசிக்க என்ன இருக்கிறது?

மெயிலில் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அவசரம், நச்சரிப்பு, "கடைசியாக ஒரேயொரு திருத்தம்". ரசிப்பது அதைக் கையாளும் விதத்தைத்தான்.

காலையில் ஒரு கையில் பிளேன்டி (பால் விடாத தேநீர்), மற்றக் கை விசைப்பலகையில். ‘என்’ (N) விசையைத் தட்டினால் வாசிக்காத அடுத்த கடிதம் திறக்கும். வாசித்தாயிற்று, இனி வேலையில்லை என்றால் ‘ஏ’ (A). கடிதம் ஆவணப் பெட்டிக்குள் போய்விடும். அங்கே 2023, 2024, 2025 என்று வருட வாரியாகத் தானே ஃபோல்டர் போட்டு அடுக்கிக்கொள்ளும். பதில் எழுத வேண்டிய கடிதம் என்றால் ‘4’, அந்த வரி நீலமாகும். அவசரமென்றால் ‘1’, சிவப்பாகும். ஆறுதலாகப் பார்க்கலாம் என்றால் ‘5’, ஊதா. மாறித் தட்டிவிட்டால் ‘0’, எல்லா அடையாளமும் அழிந்துவிடும். குப்பை என்றால் ‘ஜே’. மவுஸைத் தொட வேண்டிய தேவையே வராது. பிளேன்டி ஆறுவதற்குள் உள்பெட்டியில் நிற்பவை வேலையுள்ள கடிதங்கள் மட்டும்.

இந்த அடையாளங்களின் பெயரையும் நிறத்தையும் நாமே மாற்றலாம். என்னிடம் சிவப்பு அடையாளத்தின் பெயர் ‘காசு வரவேண்டும்’. சுயதொழில் செய்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

பிறகு, ‘எஃப் 8’. அதைத் தட்டினால் கடிதம் காட்டும் பகுதி மறைந்து பட்டியல் மட்டும் நிற்கும்; மறுபடி தட்டினால் திரும்பி வரும். சின்னத் திரையுள்ள லப்டொப்பில் நீண்ட பட்டியலைப் பார்க்க அது போதும். இதைப் போய் ஒருவன் இவ்வளவு மெச்சுகிறானே என்று தோன்றலாம். ஆனால் நாள் முழுக்கக் கையில் இருக்கும் கருவியில் இப்படிச் சின்னச் சின்ன வசதிகள்தான் மனிசனைச் சந்தோஷமாக வைத்திருக்கும். என் கை எங்கே போகும் என்று அதற்குத் தெரியும், அது எங்கே என்ன வைத்திருக்கிறது என்று என் கைக்குத் தெரியும்.

கரண்ட் இல்லை, நெட் இல்லை என்றால்?

என் வீட்டில் தண்டர்பேர்ட் நிரந்தரமாக இடம்பிடித்ததே இதனால்தான்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனால் ரவுட்டர் நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஃபோன் சிக்னலும் இளைக்கத் தொடங்கும். லப்டொப் மட்டும் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் மெயில் பார்க்கிறவருக்கு அப்போது வெள்ளைத் திரைதான். தண்டர்பேர்டிலோ அதுவரை வந்த கடிதம் எல்லாம் கணினியின் டிஸ்க்கிலேயே இருக்கும். இணைப்பைத் திறக்கலாம், பழைய கடிதத்தைத் தேடலாம், பதில் எழுதலாம். எழுதி முடித்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் அந்தப் பதில் ‘பிறகு அனுப்பு’ என்று அவுட்பொக்ஸில் காத்திருக்கும். கரண்ட் வந்து நெட் பிடித்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பலாம்.

ஒரு ஏற்பாட்டை மட்டும் முன்கூட்டியே செய்ய வேண்டும். கணக்கு அமைப்பில் ‘ஒத்திசைவும் சேமிப்பும்’ என்ற பகுதியில், கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திரு என்ற பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நெட் போனபிறகு தலைப்பு தெரியும், கடிதம் திறக்காது.

கரண்ட் வெட்டுக் காலம் முடிந்துவிட்டதே என்பீர்கள். மாரி முடிந்துவிடவில்லையே. கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கினால் லைன் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. படுவான்கரையின் உள்ளூர்களுக்கும் வாகரைப் பக்கமும் களவேலைக்குப் போகிறவர்கள் மழைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அங்கே சில இடங்களில் வெயில் காலத்திலும் சிக்னல் தேட வேண்டும். புறப்படும் முன் வீட்டில் வைத்து ஒருமுறை மெயிலை இறக்கிக்கொண்டு போகச் சொல்வேன்.

டேட்டாவை உறிஞ்சிவிடாதா?

முதல் நாள் மட்டும் உறிஞ்சும். பல வருடக் கடிதங்களை முதல் தடவை இறக்கும்போது ஜிகாபைட் கணக்கில் போகும். அதை ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் தொடங்காதீர்கள். இரவு டேட்டா தனியாக உள்ள பொதி என்றால், படுக்கப் போகும் முன் தொடக்கிவிட்டுப் போங்கள்.

அதன் பிறகு பிரவுசரைவிடக் குறைவாகவே போகும். ஜிமெயில் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தின் பாரமும் சேர்ந்து இறங்கும்; தண்டர்பேர்ட் புதிதாக வந்த கடிதத்தை மட்டும் எடுக்கும். கடிதத்துக்குள் வெளியிலிருந்து இழுக்கப்படும் படங்களையும் நீங்கள் அனுமதித்தால்தான் காட்டும். டேட்டா இன்னும் இறுக்கமென்றால், கடைசி 30 நாள் கடிதம் போதும், இத்தனை கிலோபைட்டுக்கு மேற்பட்டதை இறக்காதே என்றெல்லாம் வரையறை போடலாம்.

பழைய கடிதத்தைத் தேடுவது எப்படி? கூகுள் அளவுக்கு வருமா?

கூகுள் மாதிரி ஊகித்துத் தராது. கேட்டதைக் கேட்டபடி தரும். என் வேலைக்கு அதுதான் வேண்டும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், கே தட்டினால் பட்டியலுக்கு மேலே ஒரு வடிகட்டிப் பட்டை வரும். எழுத எழுதப் பட்டியல் சுருங்கும். அனுப்பியவர் பெயரிலா, தலைப்பிலா, கடிதத்தின் உள்ளேயா எங்கே தேட வேண்டும் என்றும் தெரிவு செய்யலாம். பக்கத்தில் ‘இணைப்பு உள்ளவை மட்டும்’, ‘வாசிக்காதவை மட்டும்’ என்று பொத்தான்கள் உண்டு. அதே அலுவலகம், அதே அதிகாரி, இணைப்போடு வந்தது என்று இரண்டு மூன்றைச் சேர்த்தால் தேடிய கடிதம் தனியாக நிற்கும்.

தமிழில் தேடும்போது ஒரு சூட்சுமம். இந்தப் பட்டை எழுத்துக் கோவையை அப்படியே பார்க்கிறது. ‘உறுதி’ என்று அடித்தால் உறுதியின், உறுதிகளை, உறுதிப்பத்திரம் எல்லாம் வரும். ஆனால் ‘பத்திரம்’ என்று அடித்தால் ‘அத்தாட்சிப் பத்திரத்தின்’ என்ற தலைப்பு வராது. மகர மெய்யை விட்டுவிட்டு ‘பத்திர’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டும் வரும். வேற்றுமை ஏறும்போது உருமாறும் சொல் எல்லாவற்றுக்கும் இப்படிக் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுத் தேடுவது நல்லது.

ஒரே தேடலை அடிக்கடி செய்கிறீர்கள் என்றால் அதையே ஃபோல்டராகச் சேமிக்கலாம். கடிதங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், இந்த ஃபோல்டரில் அவற்றின் பட்டியல் மட்டும் தெரியும். பிரதேச செயலகங்களிலிருந்து வரும் பிறப்பு அத்தாட்சிப் பத்திர வேலைகளுக்கு என்னிடம் அப்படி ஒன்று உண்டு. ‘இந்தப் பதவிப் பெயரைப் போன முறை சிங்களத்தில் எப்படி எழுதினேன்?’ என்ற கேள்வி வரும்போது நேரே அங்கே போவேன். அகராதிகளைவிட அதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது.

தமிழ் ஒழுங்காகத் தெரியுமா?

இப்போது ஃபோனிலும் இணையத்திலும் எல்லோரும் எழுதும் யூனிகோட் முறை என்றால் பிரச்சினையே இல்லை. எழுத்துரு பிடிக்காவிட்டால், அமைப்பில் எழுத்துருப் பகுதியின் மேம்பட்ட தெரிவுகளுக்குள் போய், தமிழுக்கென்று தனியாக எழுத்துருவும் அளவும் கொடுக்கலாம். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குச் சிறிதாகத் தெரியும். நான் தமிழை இரண்டு படி பெரிதாக வைத்திருக்கிறேன். கண்ணுக்கு ஆறுதல்.

சிக்கல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான். நம் பக்கத்தில் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்யும் கடைகளும் அலுவலகங்களும் உண்டு. வேர்ட் ஆவணமாக இணைத்து அனுப்பினால், உங்கள் கணினியிலும் பாமினி இருந்தால் தப்பிக்கலாம். சிலர் அந்த எழுத்தை அப்படியே வெட்டி மெயிலுக்குள் ஒட்டிவிடுவார்கள். அப்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல் வந்து சேரும். அது தண்டர்பேர்டின் குற்றமில்லை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு கழன்றால் அடியில் உள்ளது வெளியே தெரியும். யூனிகோடுக்கு மாற்றித்தரும் எழுத்துரு மாற்றி ஏதாவதொன்றில் போட்டு எடுங்கள்.

யூனிகோடில் வந்த கடிதமே பெட்டி பெட்டியாகவோ கேள்விக்குறியாகவோ தெரிந்தால் அது வேறு நோய். பார்வை மெனுவில் எழுத்துக் குறியாக்கத்தைத் திருத்தும் ஒரு தெரிவு இருக்கிறது, அதைத் தட்டிப் பாருங்கள். பல நேரங்களில் சரியாகிவிடும்.

இணைப்பை மறந்துவிட்டு அனுப்புகிறவர்களுக்கு ஏதும் வைத்தியம்?

உண்டு, தமிழிலும் வேலை செய்ய வைக்கலாம். கடிதத்தில் ‘அட்டாச்ட்’, ‘அட்டாச்மென்ட்’ போன்ற ஆங்கிலச் சொற்கள் இருந்து, ஃபைல் ஒன்றும் இணைக்கப்படாவிட்டால் தண்டர்பேர்ட் கீழே ஒரு பட்டையில் ஞாபகப்படுத்தும். அப்படியே அனுப்பப் போனால் நிறுத்திக் கேட்கும். எந்தச் சொற்களைக் கண்டால் கேட்க வேண்டும் என்ற பட்டியல் அமைப்பில் இருக்கிறது. நீங்கள் உண்மையில் எழுதும் சொற்களை அதில் சேருங்கள்: இத்துடன், இணைத்துள்ளேன், இணைப்பில், இணைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகப் போடுவது நல்லது. ஐந்து நிமிட வேலை. மொழிபெயர்ப்பை அனுப்பாமல் "இத்துடன் அனுப்பியுள்ளேன்" என்று மட்டும் அனுப்பி, மறுநாள் காலை தொலைபேசியில் வாங்கிக் கட்டும் சங்கடம் மிச்சம்.

எங்களுக்குப் பொத்துவிலில் விருந்தினர் விடுதி. முன்பதிவு முகவரி ஒன்று, சொந்த முகவரி ஒன்று. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாமா?

தாராளமாக. உங்களைப் போன்றவர்களுக்கு இது சரியான சாமான். இரண்டு கணக்கையும் சேர்த்துவிட்டு, ‘ஒருங்கிணைந்த ஃபோல்டர்கள்’ என்ற தெரிவைப் போட்டால் இரண்டு உள்பெட்டியும் ஒன்றாகத் தெரியும். பதில் எழுதும்போது எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அதிலிருந்தே போகும். வேண்டுமானால் மேலே மாற்றிக்கொள்ளலாம். முகவரிக்கு ஒரு கையொப்பமும் வைக்கலாம்: விடுதிக்கு முகவரி, தொலைபேசி இலக்கத்தோடு, சொந்தத்துக்கு வெறும் பெயர்.

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கும் முன்பே ஒரே கேள்விகள் வரிசையாக வருமே: அறை இருக்கிறதா, கொழும்பிலிருந்து எப்படி வருவது, பலகை வாடகைக்குக் கிடைக்குமா. ஒவ்வொன்றுக்கும் பதிலை ஒருமுறை நன்றாக எழுதி ‘டெம்ப்ளேட்’ ஆகச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை அதைத் திறந்து, பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.

ஃபில்டர் போட்டு எல்லாவற்றையும் தானாகப் பிரிக்கலாமா?

பிரிக்கலாம், அளவோடு. மின்கட்டண அறிவிப்பு, வங்கிக் குறிப்பு, செய்திமடல் இவற்றுக்குப் போடுங்கள். மனிதர் எழுதும் கடிதத்துக்குப் போடாதீர்கள். ஃபோல்டர் ஃபோல்டராக ஓடிப் பார்க்கும் அலைச்சல் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஃபில்டர் போடுகிறவர் கடைசியில் ஒன்றையும் வாசிப்பதில்லை, இது என் அனுபவத்தில் கண்டது.

ஐமேப்பா, பொப்பா? கணக்குச் சேர்க்கும்போது கேட்கிறதே.

சுருக்கமாக: ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரில், அதாவது மெயில் சேவை தருகிறவரின் கணினியில் இருக்கும், உங்கள் கணினியில் அதன் பிரதி இருக்கும், ஃபோனில் வாசித்தால் இங்கும் வாசித்ததாகக் காட்டும். பொப் என்றால் கடிதத்தை இறக்கி இந்தக் கணினியில் வைத்துக்கொள்ளும். மற்றக் கருவிகளோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஃபோனிலும் மெயில் பார்க்கிறவர் ஐமேப்பை எடுங்கள்.

ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். ஐமேப்பில் கணினியிலுள்ள பிரதி, காப்புப் பிரதி ஆகாது. சர்வரில் கடிதத்தை யாராவது அழித்தால், அடுத்த முறை இணையும்போது இங்கிருந்தும் அது அழிந்துவிடும். வேலை முடிந்ததும் நிறுவனம் உங்கள் முகவரியை மூடப்போகிறது என்றால் வேண்டிய கடிதங்களை முதலே ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்குப் பிரதி எடுத்து வையுங்கள். அங்கே வைத்ததை எந்தச் சர்வரும் தொடாது. திட்டம் முடிய முகவரியும் முடிந்து, பல வருடக் கடிதங்களைப் பறிகொடுத்த தொண்டு நிறுவனப் பிள்ளைகள் இந்த ஊரில் ஒருவர் இருவர் இல்லை.

கணினியே பழுதாகிவிட்டால்?

கடிதம், முகவரிப் புத்தகம், அடையாளம், ஃபில்டர் எல்லாம் ‘புரொஃபைல்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கின்றன. உதவி மெனுவில் பழுது கண்டறியும் தகவல் பக்கத்தைத் திறந்தால் அது எங்கே இருக்கிறது என்று காட்டும், அங்கிருந்தே திறக்கவும் செய்யும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். மூடாமல் எடுத்தால் பிரதி பிசகலாம். ‘ஏற்றுமதி’ என்ற வசதியும் உண்டு, ஆனால் அது 2 ஜிகாபைட் வரைதான் தாங்கும். பெரிய பெட்டி வைத்திருக்கிறவர்கள் கையால்தான் பிரதி எடுக்க வேண்டும்.

ஒரு ஃபோல்டரின் கடிதங்கள் எல்லாம் வழமையாக ஒரே நீண்ட எழுத்து ஃபைலாகச் சேமிக்கப்படுகின்றன. எம்பொக்ஸ் என்பார்கள். பல வருடமாகப் பலரும் பயன்படுத்தும் பழைய வடிவம். நாளைக்கே தண்டர்பேர்ட் இல்லாமல் போனாலும் வேறு மென்பொருளால் அதைத் திறக்கலாம். என் கடிதம் என் வீட்டில், யாரும் திறக்கக்கூடிய வடிவில் இருக்கிறது என்ற நிம்மதிக்கு விலை போட முடியாது.

போலி மெயில், வைரஸ்?

முழுப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. சந்தேகமான கடிதத்துக்கு மேலே இது மோசடியாக இருக்கலாம் என்று எச்சரிக்கும். வெளிப் படங்களைத் தடுப்பதால், நீங்கள் கடிதத்தைத் திறந்தீர்களா என்று அனுப்பியவர் ஒற்றுப் பார்ப்பதும் பெரும்பாலும் தடைபடும். இரகசியக் கடிதம் பரிமாறுகிறவர்களுக்கு ஓபன்பிஜிபி என்ற பூட்டு முறை 2020இலிருந்து உள்ளேயே இருக்கிறது. மற்றப்படி, ‘உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, பணம் கட்டுங்கள்’ என்று வந்தால் நீங்கள்தான் புத்தியாக இருக்க வேண்டும்.

2023இல் முகமே மாறிப்போனதே? பழையது நன்றாக இருந்தது.

115ஆம் பதிப்பு, ‘சூப்பர்நோவா’ என்று பெயர். எனக்கும் முதல் கிழமை பிடிக்கவில்லை. ஒரு கடிதம் பல வரிகளில் அட்டை மாதிரி வந்து, பட்டியலில் பாதிதான் தெரிந்தது. பட்டியலின் மேலே உள்ள தெரிவில் ‘அட்டவணை’ என்று மாற்றுங்கள், பழைய ஒற்றை வரிப் பட்டியல் வந்துவிடும். அடர்த்தியை ‘நெருக்கம்’ என்று வைத்தால் இன்னும் அதிக வரிகள் தெரியும். திரை அகலமானவர்களுக்கு அட்டை வடிவம் நன்றாகத்தான் இருக்கிறது. என் மகள் அதைத்தான் பயன்படுத்துகிறாள்.

குறையே இல்லையா?

ஏன் இல்லை? பெரிய பெட்டியைத் திறந்ததும் சிலவேளை யோசித்துக்கொண்டு நிற்கும். அழித்த கடிதங்கள் ஃபைலுக்குள் இருந்து உடனே போகாது, ‘கொம்பெக்ட்’ செய்ய வேண்டும். அதை எப்போது பார்த்தாலும் கேட்டுக்கொண்டிருக்கும். அமைப்புகள் இரண்டு இடத்தில், கணக்கு அமைப்பு வேறு, பொது அமைப்பு வேறு. எது எங்கே என்று எனக்கே சிலவேளை குழப்பம். புதிய பெரிய பதிப்பு வரும்போது பழைய நீட்சிகள் (மேலதிக வசதிக்காக நாமே சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) சில வேலை செய்யாமல் போகும். ஆகவே நீட்சிகளைக் குறைவாகவே போடுங்கள். அனுப்பியதைச் சில விநாடிக்குள் திரும்ப இழுக்கும் ஜிமெயிலின் வசதியும் இதில் அப்படியே இல்லை. கோபத்தில் மெயில் எழுதுகிறவர்கள் ‘பிறகு அனுப்பு’ என்பதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இலவசம் என்கிறீர்கள். யார் காசில் ஓடுகிறது?

பயன்படுத்துகிறவர்களின் நன்கொடையில். 2012இல் மொசில்லா இதற்கான வேலையைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, இத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. தன்னார்வலர்கள் தாங்கிப்பிடித்தார்கள். 2020இல் மொசில்லா அறக்கட்டளையின் கீழ் எம்இசட்எல்ஏ என்று தனி நிறுவனமே அமைத்து அதன் கையில் கொடுத்தார்கள். 2022இல் மட்டும் 64 இலட்சம் டொலர் அளவுக்கு நன்கொடை சேர்ந்தது. கட்டாயமில்லாத காசு இவ்வளவு வருகிறது என்றால், என்னைப் போல இதை விட மனமில்லாதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஃபோனிலும் இருக்கிறதா?

அண்ட்ரொய்டில் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. கே-9 மெயில் என்று முன்பு இருந்ததை எடுத்து வளர்த்தது. கணினியில் ஒரு கியூஆர் குறியீட்டைக் காட்டி, கணக்குகளை ஃபோனுக்கு மாற்றலாம். நான் ஃபோனில் மெயில் அறிவிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். மேசைக்கு வந்தால்தான் மெயில். அவசரமானவர்கள் கோல் எடுப்பார்கள், எடுக்கிறார்கள்.

சரி, எப்படித் தொடங்குவது?

தண்டர்பேர்ட் டொட் நெட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கடைகளில் பென்ட்ரைவில் தருவதை வாங்காதீர்கள். நிறுவியதும் பெயர், மெயில் முகவரி கேட்கும். பிரபலமான சேவைகள் என்றால் மற்ற அமைப்புகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஜிமெயில் என்றால் கூகுளின் உள்நுழைவுச் சாளரம் திறக்கும், கடவுச்சொல்லை அதில் கொடுங்கள். அலுவலக முகவரி என்றால் சர்வர் பெயரை ஐடி பொறுப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் எண் கேட்டால், ஐமேப்புக்கு வழமையாக 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587.

கடிதங்கள் இறங்கி முடியும் வரை ஒன்றையும் மாற்றாமல் விடுங்கள். மறுநாள் காலை ‘என்’னையும் ‘ஏ’யையும் மட்டும் பழகுங்கள். ஒரு கிழமை கழித்தும் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். உங்கள் ஜிமெயில் வைத்த இடத்திலேயே இருக்கும்.